மெலிவுக்கு வலிவு

பழந்தமிழ் இசைநூலார் ஒலியின் தானங்களை மூன்றாக வகுத்தனர். மெலிவு, சமன், வலிவு என்பன அவை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் இம்மூன்றையும் ஒருங்கே எண்ணுகின்றது. மேலெழுந்து ஒலிக்குந் தானத்துக்கு வலிவு என்றும், கீழிறங்கி ஒலிக்குந் தானத்துக்கு மெலிவு என்றும் பெயரிட்ட முன்னோரின் செவிநுட்பம் போற்றத்தக்கது. மேற்சுரம் தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும். கீழ்ச்சுரமோ அருகிருந்து உற்றுக் கேட்பார்க்கே நன்கு புலனாகும். அதனை அவையின் கடைசி வரிசைவரை கொண்டுசெல்ல வேண்டுமாயின் பிறிதொரு துணை தேவை. அத்துணை யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

திருகோணமலையிலே கோயில் திருவிழாவாயினும், தேவாலயப் பெருநாளாயினும், மணவிழாவாயினும் இன்னிசைக் குழுவொன்று மேடையேறுதல் இன்று வழக்கமாகிவிட்டது. பாடகரை எல்லாருங் காண்பர். தாளக் கருவிகளை இயக்குவார்மீதும் கண்கள் செல்லும். மேடையின் ஒரு பக்கத்தில், நீண்ட கழுத்தும் தடித்த நான்கு நரம்புகளும் உடைய கருவியொன்றை ஏந்தி ஒருவர் நிற்பார். அவரை நோக்குவார் சிலர். அவர் எழுப்பும் ஒலியைப் பிரித்துக் கேட்பார் அதனினும் சிலர். அவர் கையிலுள்ளதே பேஸ் கிற்றார். அதனை மந்தரக் கிற்றார் எனத் தமிழில் வழங்கலாம். அவர் ஒரு கணம் கைவிட்டு நின்றாலோ, பாட்டு நிலத்தில் ஊன்றிய காலை இழந்ததுபோல் ஆகிவிடும்.

இத்தகைய கலைஞர் பல மேடைகளிலிருந்து மெல்ல மறைந்து வருகின்றனர். அவர்தம் இடத்தை விசைப்பலகைக் கருவியின் இடக்கையும், முன்னரே பதிந்துவைத்த ஒலித்தொகுதியும் பிடித்துக்கொள்கின்றன. 'மந்தர ஒலி தெளிவாகக் கேட்பதில்லை. கேட்டாலும் இரைச்சலாகவே கேட்கின்றது. அதற்குரிய பெட்டிகளைச் சுமப்பதும் அரிது' என்பன இதற்குக் கூறப்படுங் காரணங்கள். மூன்றும் மெய்யான குறைகளே. ஆயினும், இவற்றுக்கு மருந்து பெரிய பெட்டியன்று. பெருக்குதற்கு முன் ஒலியைப் பதப்படுத்தும் சிறு கருவியே மருந்தாகும். காலடியில் வைக்கும் முன்பெருக்கிப் பெடலும், கைப்பையில் அடங்கும் சிறு பெருக்கியும் இன்று அவ்வேலையைச் செவ்வனே செய்கின்றன.

மெலிவின் இயல்பு

மந்தரக் கிற்றாரின் நான்கு நரம்புகளும் முறையே செக்கனுக்கு ஏறத்தாழ 41, 55, 73, 98 அதிர்வுகள் உடையவை. செக்கனுக்கு நிகழும் அதிர்வுகளின் தொகையையே நம் பாடநூல்கள் மீடிறன் என்னும். மீடிறன் குறையக் குறைய அலைநீளம் கூடும். மிகத் தாழ்ந்த நரம்பின் ஒலியலை காற்றிலே 8 மீற்றருக்கு மேல் நீளுவது. சிறியதொரு வகுப்பறையின் நீளத்தை ஓர் அலையே நிரப்பிவிடும் என்க. அத்தகைய அலையை எழுப்ப மிகுதியான காற்றை அசைத்தல் வேண்டும். சிறு ஒலிபெருக்கிக்கு அது எளிதில் இயலாது.

இஃது ஒரு புறமிருக்க, நம் செவியும் மெலிவுக்கு ஓரவஞ்சனை செய்கின்றது. 1933-இல் பிளெச்சர், மன்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் இவ்வுண்மையை அளந்து காட்டினர். செக்கனுக்கு 1000 அதிர்வுடைய ஒலியும், 40 அதிர்வுடைய ஒலியும் பேச்சளவில் ஒத்த உரப்பினவாகக் கேட்க வேண்டுமாயின், பின்னையது 30 தெசிபெலுக்கு மேல் மிகுந்திருத்தல் வேண்டும். 30 தெசிபெல் என்பது ஒலிச்செறிவில் ஆயிரம் மடங்கு. மெலிவு என்ற பெயரின் பொருத்தம் இதனால் விளங்கும்.

ஆயினும் இயற்கை ஒரு கதவை அடைத்து மற்றொன்றைத் திறந்து வைத்திருக்கின்றது. எந்த நரம்பும் தனியொரு சுரத்தை மட்டும் ஒலிப்பதில்லை. 41 அதிர்வுடைய நரம்பு 82, 123, 165 எனப் படிப்படியாக உயரும் மேற்றொனிகளையும் உடன் எழுப்பும். அடிப்படைத் தொனி செவிக்கு எட்டாதபோதும், மேற்றொனிகளின் ஒழுங்கைக் கொண்டு நம் மூளை அதனைத் தானே ஊகித்து உணர்ந்துகொள்ளும். உள்ளங்கை அளவான வானொலிப் பெட்டியிலும் மந்தர இசையின் போக்கை நாம் பின்பற்ற முடிவதன் இரகசியம் இதுவே. ஆகவே, மெலிவைக் கேட்கச் செய்யும் வழி அடியொலியை மேலும் மேலும் ஏற்றுவதன்று. மேற்றொனிகளைச் சீர்செய்து தெளிவுறுத்துவதே.

நரம்பின் நீளம், சுரத்தின் அதிர்வு என்னும் இக்கணக்குகள் தமிழுக்குப் புதியன அல்ல. திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்று நடத்திய விபுலானந்த அடிகள், விஞ்ஞானக் கல்வியும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே வாய்ந்தவர். 1947-இல் அரங்கேறிய அவர்தம் யாழ்நூல், பழைய யாழின் நரம்புகளை எண்ணாலும் அளவாலும் ஆராய்ந்தது. மந்தரக் கிற்றாரின் ஒலியை ஆராயப் புகும் மாணவன் அந்நெறியிலேயே ஓரடி எடுத்து வைக்கின்றான்.

முழவும் மண்ணும்

முன்பெருக்கி என்பது மேனாட்டார் கண்ட புதுமை என எண்ணுவோர் நம் மிருதங்க வித்துவானைச் சற்றே நோக்குக. கச்சேரி தொடங்குமுன் அவர் செய்யும் முதல் வேலை யாது? ரவையை நீரிற் பிசைந்து, தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோலின் நடுவில் அப்புகின்றார். தட்டிப் பார்க்கின்றார், சிறிது கூட்டுகின்றார், சிறிது குறைக்கின்றார். அப்பூச்சின் பாரத்தால் தோலின் அதிர்வு தாழ்ந்து, கனத்த மந்தர நாதம் பிறக்கின்றது. முழவின் கண்ணில் மண் பூசும் வழக்கத்தைச் சங்கச் செய்யுட்களும் பலவிடத்துங் குறிக்கின்றன. அப்பூச்சினை மார்ச்சனை என்பர்.

ஆழ்ந்து நோக்கின், மார்ச்சனை ஒலியைப் பெருக்குவதில்லை, அதனைப் பதப்படுத்துகின்றது. பதப்படாத முழவைப் பத்து மடங்கு உரக்க அறைந்தாலும் அது வெற்றோசையே. மின்னிசையிலும் இவ்விதி மாறவில்லை.

முன்பெருக்கியின் முத்தொழில்

பெடல் என்னும் மிதிபெட்டியாக அமைந்த முன்பெருக்கி பெரும்பாலும் 9 உவோல்ற்று மின்னில் இயங்குவது. உள்ளங்கை இரண்டினுள் அடங்குவது. அதன் தொழில் மூவகைப்படும்.

முதலாவது, வரவேற்றல். கிற்றாரின் காந்தச் சுருளிலிருந்து வரும் மின்குறிப்பு மிக மெல்லியது. பத்து இலட்சம் ஓம் அளவான தடங்கலுடைய வாயிலையே அது விரும்பும். மேடைக் கலப்புப் பலகையின் ஒலிவாங்கி வாயிலோ சில ஆயிரம் ஓம் அளவினதே. அதில் நேரே செருகினால் ஒலி ஒடுங்கி, அதன் கூர்மை மழுங்கிவிடும். முன்பெருக்கி இடைநின்று இருவருக்கும் ஏற்ற தூதுவனாகின்றது.

இரண்டாவது, பதப்படுத்தல். அடி, நடு, மேல் என்னும் பகுதிகளைத் தனித்தனியே கூட்டவுங் குறைக்கவும் அதில் திருகுகள் உண்டு. சிலவற்றில் ஒலியைச் சிறிது முறுகச் செய்யும் அமைப்பும் உண்டு. முறுக்கம் என்பது புதிய மேற்றொனிகளைச் சேர்த்தலே. அளவோடு சேர்ப்பின், அடியொலியைத் தர இயலாத சிறு ஒலிபெருக்கியிலும் சுரம் விளங்கும். அளவு மிகின் இரைச்சலாகும்.

மூன்றாவது, வழியனுப்பல். மூன்று முனைச் செருகியின் வழியே ஒலி கலப்புப் பலகைக்குச் செல்கின்றது. அக்கம்பியினுள் ஒரே குறிப்பு இரு தந்திகளில் ஒன்றற்கொன்று எதிராக ஓடும். வழியிற் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒத்துப் புகுதலால், முடிவில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரைச்சல் ஒழிந்து இசை எஞ்சும். நீண்ட கம்பி இழுக்க வேண்டிய திறந்தவெளி மேடைக்கு இஃது இன்றியமையாதது.

இம்மூன்று தொழிலையும் ஒரு சிறு பெட்டியில் அடக்கிப் புகழ்பெற்றது, டெக் 21 நிறுவனம் 1992-இல் வெளியிட்ட சான்ஸ்அம்ப் பேஸ் டிரைவர். பெரிய வால்வுப் பெருக்கியும் ஒலிபெருக்கிப் பெட்டியும் சேர்ந்து தரும் நாதத்தின் சாயலைக் காலடிப் பெட்டியிலேயே தருதல் அதன் நோக்கம். 2009-இல் பின்லாந்தின் எல்சிங்கி நகரில், சிலி நாட்டவரான டக்ளஸ் காஸ்ட்ரோ தொடங்கிய டார்க்கிளாஸ் நிறுவனம், முறுக்கத்தையும் தெளிவையும் ஒருசேர நாடும் இக்காலத்தார்க்கு வேறொரு வழி காட்டிற்று.

சுமை குறைந்த கதை

மந்தரக் கிற்றாரின் வரலாறே சுமையோடு போராடிய வரலாறு எனலாம். ஆளுயர வயலின் போன்ற பழைய டபிள் பேஸ், இசைக்குழுவின் முழக்கத்தில் அமிழ்ந்துபோயிற்று. அதனைத் தூக்கித் திரிதலும் துன்பம். 1951-இல் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் பிரிசிஷன் பேஸ் என்னும் மின்கருவியை வெளியிட்டார். வீணைக்குப் போல மெட்டுகள் பதித்தமையாற் சுரம் வழுவாது என்பதை அப்பெயர் குறித்தது. அடுத்த ஆண்டிலே அதற்கெனப் பாஸ்மன் என்னும் பெருக்கியும் வந்தது.

கருவியின் சுமை குறைந்தது. பெருக்கியின் சுமையோ ஏறிற்று. அரங்குகள் பெருகியபோது, 1969-இல் அம்பெக் நிறுவனம் 300 உவாற்று வலுவுடைய எஸ்.வி.ரி. என்னும் வால்வுப் பெருக்கியை அளித்தது. அதன் தலைப்பெட்டி மட்டுமே 35 கிலோவுக்கு மேற்பட்டது. 10 அங்குல ஒலிபெருக்கிகள் எட்டினைக் கொண்ட துணைப்பெட்டியோ 60 கிலோவுக்கு மேற்பட்டது. இவற்றை முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கோயில் வீதிக்குக் கொண்டுசெல்ல நினைப்பாரை நினைத்துப் பார்க்க.

இன்றைய சிறு பெருக்கிகள் 'டி' வகுப்பு என்னும் முறையில் இயங்குவன. பழைய முறையில், குழாயை அரைகுறையாகத் திறந்து நீரைத் தடுத்து விடுவதுபோல மின்னோட்டத்தைத் தடுத்து விட்டனர். தடுக்கப்பட்ட வலு வெப்பமாக வீணாயிற்று. புதிய முறையிலோ, வாயிலை முழுதாய்த் திறந்தும் முழுதாய் மூடியும் செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவை மாற்றுகின்றனர். திறந்திருக்கும் நேரத்தின் அளவே இசையின் வடிவைத் தாங்கிச் செல்லும். வெப்பம் குறையவே கனத்த உலோகத் தகடுகள் வேண்டாவாயின. மின்வழங்கியும் அவ்வாறே இலேசாயிற்று. அகுயிலார் நிறுவனத்தின் டோன் ஹாமர் 500 என்னும் பெருக்கி 2 கிலோவுக்குக் குறைந்த நிறையில், 4 ஓம் தடங்கலில் 500 உவாற்று தருவது இதற்குச் சான்று.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். 8 ஓம் பெட்டி ஒன்றை மட்டும் இணைத்தால் அதே பெருக்கி ஏறத்தாழப் பாதி வலுவையே தரும். 8 ஓம் பெட்டிகள் இரண்டைப் பக்கமாகத் தொடுத்தால் 4 ஓம் ஆகும். பெருக்கி தாங்கும் எல்லைக்குக் கீழே செல்லுதல் கேடு. வால்வுப் பெருக்கியை ஒலிபெருக்கி தொடுக்காமல் இயக்குதலும் கேடு. வலு இருமடங்காவதால் ஒலி இருமடங்காகாது என்பதையும் மனத்திருத்துக. இருமடங்கு வலு 3 தெசிபெலையே கூட்டும். செவிக்கு இருமடங்காகத் தோன்றப் பத்து மடங்கு வலு வேண்டும். கடன்பட்டுப் பெரிய பெருக்கி வாங்கும் இளைஞர் இக்கணக்கை முதலிற் போட்டுப் பார்த்தல் நன்று.

துறைமுக மேடை

திருகோணமலை பலவகை இசை வந்து கலந்த துறை. பாலையூற்றிலே வாழும் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வயலினும் கிற்றாரும் கைம்மேளமுங் கொண்டு தம் மணவிழாக்களில் கபிறிஞ்ஞா ஆடிப் பாடி வந்தனர். 1957-இல் ஆங்கிலக் கடற்படைத் தளம் இந்நாட்டின் கைக்கு வரும்வரை மேனாட்டு மாலுமிகளும் இத்துறையில் உலாவினர். பின்னர், ஈழத்துத் தமிழ் மெல்லிசைக்கு இவ்வூர் தந்த கொடையாக எம். பி. பரமேஷ், எம். பி. கோணேஷ் சகோதரர் விளங்கினர். நரம்பிசையும் மின்னிசையும் இம்மண்ணுக்கு அந்நியம் அல்ல என்பதற்கு இவை போதும்.

இம்மேடைகளுக்கெனச் சில தனிப் பிரச்சினைகள் உண்டு. ஒன்று, வெளி. மண்டபத்திலே சுவர்கள் மந்தர அலையைத் திருப்பி அனுப்ப, மூலைகளில் அது குவிந்து குழம்பும். அங்கே 200 முதல் 300 அதிர்வுவரையுள்ள பகுதியைச் சற்றுக் குறைப்பின் தெளிவு பிறக்கும். கடற்கரை வெளியிலோ தாங்கித் தருவதற்குச் சுவர் இல்லை. அடியொலி விரிந்து கலைந்துவிடும். அங்கே அடியைச் சிறிதும், 700 முதல் 1000 அதிர்வுவரையுள்ள நடுப்பகுதியைச் சிறிதும் ஏற்றுதல் பயன் தரும். அவ்வாறு ஏற்றும்போது 30 அதிர்வுக்குக் கீழுள்ளவற்றை வடிகட்டி நீக்கினால், கேளாத ஒலிக்காக ஒலிபெருக்கி வருந்தாது.

இரண்டு, மின்னின் முணுமுணுப்பு. நம் நாட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 தடவை அலைவது. மந்தரக் கிற்றாரின் தாழ்ந்த நரம்பில் மூன்றாம் மெட்டின் சுரமோ 49 அதிர்வுடையது. மின்னின் முணுமுணுப்பு, குழுவில் அழையாது வந்து அமர்ந்த மற்றொரு மந்தர வித்துவான்போல் அச்சுரத்தோடு உராயும். இதனைப் போக்க முன்பெருக்கியில் நிலத்தொடுப்பு நீக்கும் ஆளி ஒன்று உண்டு, அதனையே பயன்படுத்துக. முணுமுணுப்பை ஒழிப்பதாக எண்ணி மின்செருகியின் புவிக்கம்பியை வெட்டிவிடுவோர் உளர். அஃது உயிரோடு விளையாடுதல். வாடைக்காற்று மழையில் நனைந்த மேடையிலே அக்கம்பியே கலைஞனின் காவல்.

மூன்று, உப்பு. கடற்காற்றின் உப்பு செருகிகளையும் திருகுகளையும் அரிக்கும். நிகழ்ச்சி முடிந்தபின் உலர்ந்த துணியால் துடைத்து, மூடிய பெட்டியில் வைத்தலாகிய எளிய ஒழுக்கம் கருவியின் ஆயுளை நீட்டும்.

பதிவறையில்

மேடையின் கதை இது. பதிவறையின் கதையும் வேறன்று. டெட்ரோயிற் நகரத்து மோட்டவுன் பதிவறையிலே ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த மந்தர இசை, பெருக்கியின்முன் ஒலிவாங்கி வைத்துப் பிடித்ததன்று. கிற்றாரிலிருந்து கம்பி வழியே நேராகப் பதிவுப் பலகைக்குச் சென்றது. 1960-களில் உலகெங்கும் ஒலித்த பல பாடல்களின் அடித்தளம் அவ்வாறு அமைந்ததே. நம் மொழியிலே 1976-இல் அன்னக்கிளி திரைப்படத்தின் வழி அறிமுகமான இளையராஜாவின் பாடல்களைக் கேட்போர், பாடகர் மூச்சுவிடும் இடைவெளியிலே மந்தரக் கிற்றார் தனி மெட்டொன்று பேசுவதை அறிவர். பிற்காலத்தில் ஏ. ஆர். ரகுமானின் பாடல்களிலே கீத் பீற்றர்ஸ் என்னும் கலைஞரின் மந்தர இசை அவ்வாறே சுவைஞர் கருத்தைக் கவர்ந்தது.

இன்று வீட்டின் சிற்றறையே பதிவறையாகின்றது. பெரும்பெட்டி முழங்கினால் அயலார் பொறார். முன்பெருக்கிப் பெடலோ கணினிக்கு நேரே ஒலியைத் தரும். காதணி ஒலிபெருக்கியாற் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். பதிவறையில் ஒருமுறை கண்ட நாதத்தை அதே திருகு நிலையில் மறுநாள் மேடைக்குக் கொண்டுசெல்லலாம் என்பது மற்றொரு நன்மை. குழுவின் கீழ்க்குரலுக்கு இதனால் ஒரு நிலையான முகம் கிடைக்கின்றது.

செவியின் பொருட்டு

ஒலியை ஏற்றுவதே திறமை என்னும் எண்ணம் நம் விழாக்களை எங்கே கொண்டுசெல்கின்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் ஏற்ற, அடுத்தவர் ஏற்ற, முடிவிலே பாட்டின் சொல் எவர்க்கும் விளங்காது போகின்றது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இசைநிகழ்ச்சிகளுக்கு வகுத்த வரையறை, சராசரி ஒலியளவு 100 தெசிபெலை மிஞ்சலாகாது என்கின்றது. செவி ஒருமுறை கெட்டால் மீளாது. அதிலும் விழா மேடையின் முன்வரிசையில் அமர்வோர் பெரும்பாலும் நம் மாணவச் சிறுவர்களே. மந்தர ஒலியைப் பதப்படுத்தித் தெளிவாக்கினால், மற்றவர்களும் தம் ஒலியை இறக்கிக்கொள்ள வழி பிறக்கும். பாடலின் சொல்லும் மேலே வரும். தமிழாசிரியனுக்கு இவ்விடயத்தில் என்ன அக்கறை என வினவுவார்க்கு விடை இதுவே.

பாடசாலைகளின் இசைக்கூடத்துக்குக் கருவி வாங்க முனைவோரும், பழைய மாணவர் சங்கத்தாரும் இதனைக் கருதுவாராக. ஒரு பெரும்பெட்டிக்குச் செலவிடும் பணத்தில் மந்தரக் கிற்றார் ஒன்றும், முன்பெருக்கி ஒன்றும், சிறு பெருக்கி ஒன்றும் தேட முயலலாம். அவற்றைக்கொண்டு ஒலியின் மீடிறனை விஞ்ஞான ஆசிரியரும், தானத்தின் இயல்பை இசையாசிரியரும், அரங்கேற்று காதையைத் தமிழாசிரியரும் ஒரே மேசையைச் சுற்றி நின்று கற்பிக்கலாம். பதிந்த ஒலித்தொகுதிக்கு விசையைத் தட்டும் விரல் போதும். நான்கு நரம்பில் ஒரு பாட்டைத் தாங்கிப் பிடிக்கவோ கேட்கப் பழகிய செவி வேண்டும். அச்செவியை உண்டாக்குதலே கல்வி.

திருகோணமலைக்கு வெளியே ஆழ்கடலில் உலாவும் நீலத்திமிங்கிலங்களின் குரலை 1980-களிலே ஆய்வாளர் பதிவுசெய்தனர். அக்குரலின் சில பகுதிகள் மந்தரக் கிற்றாரின் நரம்புகள் அதிரும் எல்லைக்குள்ளேயே அமைவன. கரையில் நிற்பவர் அதனைக் கேளார். நீர் அதனை நெடுந்தூரம் சுமந்து செல்லும். நம் துறைமுகத்தின் பெருமையும் அதன் ஆழத்தில் அன்றோ இருக்கின்றது? மேலே காணப்படுவன கப்பல்கள். அவற்றைத் தாங்குவது காணப்படாத ஆழம். இசையிலும் ஆழத்தைக் காக்க அறிந்தவர்க்கே மேலெழும் குரல் அழகாக மிதக்கும்.